அவர் பெயரில் நான் எழுதியவை

ஜூலை 7, திங்கள்

எதிர்த்த மருந்துச்சரக்குக் கடையில் வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். இந்த வருஷத்து டைரியில் அவர் மூன்று பக்கம்தான் எழுதியிருக்கிறார். எந்தச் சாக்கில் சுண்டைக்காய் நன்றாக வந்தது, எதில் சொத்தை என்று. மீதி எல்லாம் வெள்ளை. அந்த மூன்று பக்கத்தையும் சேர்த்து ஊக்கு குத்திவிட்டு, இங்கிருந்து நான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது பத்மஜா டீச்சர். இன்று முதல் வகுப்பு. தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி ஹால். சிறு வியாபாரம் செய்கிற பெண்களுக்கு பேஸ்புக்கில், வாட்ஸ்அப்பில் எப்படி எழுதுவது என்று எட்டு திங்கட்கிழமை சொல்லிக்கொடுக்கிறார்கள். கடையில் என்னோடு வேலை செய்கிற மீனுதான் என்னைக் கேட்காமல் என் பெயரைக் கொடுத்தாள். கேக் செய்கிறவள், நைட்டி தைக்கிறவள், எல்லாரும் என்னைவிடச் சின்னவர்கள்.

“தினமும் பத்து வரி எழுதணும் சேச்சி. யாருக்கும் காட்டண்டா. கை பழகட்டும்” என்றார் டீச்சர்.

அஞ்சாம் கிளாஸோடு நின்ற கை. என்ன கடை என்று கேட்டபோது ‘வத்தல் வியாபாரம், ஆரியசாலை’ என்று மட்டும் சொன்னேன். கடைப் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல முடியாது.

ஜூலை 8

ஏன் சொல்ல முடியாது என்று எழுதிவிடுகிறேன். யாரும் பார்க்கப் போவதில்லையே.

பேஸ்புக்கில் ‘சாம்பா வத்தல் கடை’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. எட்டு வருஷம் அவர்தான் எழுதினார். வட்டத்துக்குள்ளே அவர் சிரிக்கிற போட்டோ. துபாய், மஸ்கட், பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதை வாசித்துத்தான் வத்தல் கேட்டு எழுதுவார்கள்.

ஏப்ரல் 9-ம் தேதி அவர் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் விஷு. போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாச்சி எங்கே, அண்ணாச்சி கடை உண்டா. எட்டாம் நாள் நான் அந்தப் போனை எடுத்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். ‘நாளை கடை உண்டு.’ நான்கு தடவை சரிபார்த்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், பக்கத்தில் அவர் சிரிக்கிறார். எல்லாரும் இதயம் இதயமாகப் போட்டார்கள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மூன்று மாசம் ஆகிவிட்டது. அவர் பெயரில்தான் எழுதுகிறேன்.

பேப்பரில் சரமக்குறிப்பு, அதுதான் சாவு அறிவிப்பு, கொடுக்கலாமா என்று மகள் ஸ்ரீலக்ஷ்மி கேட்டாள். வேண்டாம் என்றேன். முக்கில் பிளக்ஸ் வைக்கிறோம் என்று கடைக்காரர்கள் வந்தார்கள். அதுவும் வேண்டாம் என்றேன். மழையில் அவர் முகம் நனைந்து தொங்குவதைப் பார்க்க முடியாது என்றுதான் அப்போது நினைத்தேன். அது மட்டும்தானா? தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

டீச்சர் இன்று திரையில் ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டினார். எப்படி எழுத வேண்டும் என்பதற்கு உதாரணம். நம்ம கடை.

அவர் முகம், சுவர் அளவுக்கு.

நான் கடைசி வரிசை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். டீச்சர் வாசித்தார்: ‘நேற்று மழை மொட்டைமாடியில் ஏறிவிட்டது. கூழ் வடகம் கரைந்து திரும்பவும் கூழாகிவிட்டது. கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுக்கணும்.’

எல்லாரும் சிரித்தார்கள். அது ஜூன் மாசம் நான் எழுதியது.

“ஒரு இடத்துல கூட ‘உயர்ந்த தரம்’னு எழுதியிட்டில்லை, கண்டோ? வத்தல் இல்லைன்னா இல்லைன்னு எழுதுறார். பண்டு நீளமா எழுதிட்டிருந்த ஆள். இப்ப மூணு மாசமா சுருக்கிட்டார். பழகப் பழக எழுத்து எப்படி ஆகுதுன்னு பாருங்க.”

அதற்கு மேல் என் விரல் போகாது. அதனால் சுருக்கம்.

நைட்டி தைக்கிற ரேஷ்மி கேட்டாள், “இதோட ரகசியம் என்ன டீச்சர்?”

“ரகசியம் ஒண்ணுமில்லை. இந்த ஆள் சத்தியம் சொல்லுது. அதான்.”

பாத்ரூம் போவது போல எழுந்து போய், அங்கேயே நின்றேன்.

ஜூலை 15

வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

ஜூலை 19, சனி

மழை விடவில்லை. மிளகாயை அடுப்புக்கு மேலே பரணில் போட்டிருக்கிறோம். வீடே நெடி.

சுவாமிதாஸ் அண்ணாச்சி இன்றும் எழுதியிருக்கிறார். பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் அவரும் இவரும் ஒரே பெஞ்ச். நான் அவருக்கு மைனி, அண்ணி முறை. இப்போது மஸ்கட்டில், மகன் வீட்டில் இருக்கிறார். பக்கத்தில் எதைப் போட்டாலும் கீழே முதலில் அவர்தான். எட்டு வருஷமாக ஒரே வரி: ‘உப்பைக் குறைடே.’

மற்றவர்களிடம் மறைத்ததாவது கடைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். இவரிடம் மறைத்ததற்கு என்ன சொல்ல? மே மாசம் அவருக்கு இதயத்தில் ஆப்பரேஷன். ‘பயமா இருக்குடே சாம்பா’ என்று எழுதியிருந்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்ல? ‘பயப்படாதடே. நீ திரும்பி வரணும், உன் திட்டு கேக்காம எனக்கு ஆகாது’ என்று நான் எழுதினேன். அவர் எப்படி எழுதுவாரோ அப்படி. எழுதி முடித்துவிட்டு அழுதேன்.

உடம்பு தேறிய பிறகு கூப்பிட ஆரம்பித்தார். நான் எடுக்கவில்லை. ஏன்டே எடுக்க மாட்டேங்க என்று கேட்டார். ‘காதுல கோளாறு, சரியா கேக்கல, எழுது போதும்’ என்று தட்டிவிட்டேன்.

“இது பாவம் அக்கா, கேட்டோ” என்றாள் மீனு. “ஒரு போன் போட்டுச் சொல்லிரணும்.”

“இன்னும் கொஞ்சம் தேறட்டும்.”

“அவருக்குத் தேறியாச்சு. அக்காவுக்குத்தான் தேறலை.”

பொட்டலம் கட்டுகிற நூலை அவள்மேல் எறிந்தேன்.

ஜூலை 24, வியாழன். வாவு, ஆடி அமாவாசை

ஒரு வருஷம் ஆகாமல் வாவு பலி வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடிந்ததும் மீனுவோடு திருவல்லம் கோயிலுக்குப் போனேன். இங்கே பெண்களும் பலி இடுகிறார்கள். குடைக்குள் குடையாக வரிசை.

வரிசையில் நிற்கும்போது கடை ஞாபகம். போனை எடுத்து, ‘இன்று வாவு. கடை மத்தியானத்துக்கு மேல்’ என்று போட்டேன். கை தானாகவே போய்விடுகிறது.

உள்ளே உட்கார்ந்து தர்ப்பை மோதிரமும் போட்டாச்சு. மடியில் போன் அடித்தது. சுவாமிதாஸ் அண்ணாச்சியாகத்தான் இருக்கும். பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

‘யாருக்குடே பலி? உங்கப்பாவுக்கா? என் பேருக்கும் ஒரு உருளை வை. என்னையும் அடிச்ச மனுசன்தானே.’

அந்த மோதிர விரலாலேயே தட்டினேன். ‘அப்பாவுக்குத்தான்.’

அப்போது பூசாரி என் பக்கம் திரும்பி, “பேரு சொல்லுங்கோ” என்றார்.

“சாம்பசிவன்.”

ஒரே நேரத்தில். ஒரு கையால் அவரை உயிரோடு வைத்துக்கொண்டு, மறு கையால் அவருக்குச் சோறு உருட்டினேன். நான் என்ன பொம்பளை?

திரும்பும்போது பஸ்ஸில் மீனு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 28, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. வலது கை மணிக்கட்டில் வலி. தட்டித் தட்டித்தான்.

வலி என்றதும் அது வந்து நிற்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் ஏழாம் தேதி அவர் சொன்னார், “இடது கை ஒரு மாதிரி வலிக்கு.” நான் மாவு கிண்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னேன், “மொபைலைப் புடிச்சு புடிச்சு வலிக்கி. கீழ வச்சா சரியாகும்.” எட்டாம் தேதியும் சொன்னார். “அந்தச் சனியனை ரெண்டு நாள் எங்கிட்ட தாங்க, கையும் வலிக்காது ஒண்ணும் வலிக்காது.” சிரித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தார். கையைத் தடவினார்.

ஒன்பதாம் தேதி காலையில் போனை எடுக்கவே இல்லை. சொல்பேச்சு கேட்டுவிட்டார் என்று நான் நினைத்தேன்.

இதயத்து வலி இடது கையில் வரும் என்று ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் சொன்னபோதுதான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தா — ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்.

அந்தச் சனியன் இப்ப எங்கிட்டதான் இருக்கு.

ஆகஸ்ட் 4, திங்கள்

பத்மஜா டீச்சர் கடைப் பக்கத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். ‘மரியாதைக்குரிய சாம்பசிவன் சார், ஆகஸ்ட் 25 எங்கள் வகுப்பின் கடைசி நாள். நீங்கள் வந்து இந்தப் பெண்களிடம் பேச வேண்டும்.’

அதை நான் வாசித்தது வகுப்பிலேயே. டீச்சர் முன்னால் நின்று பலகையில் எழுதுகிறார். நான் பின்னால் உட்கார்ந்து, அவர் எழுதியதை என் கணவருக்குப் பதில் வாசிக்கிறேன்.

‘பார்க்கலாம்’ என்று தட்டினேன். டீச்சர் போன் மேஜையில் அடித்தது. எடுத்துப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 6

அவர் மாதிரி எழுத வேண்டுமே என்று பழையதை எல்லாம் இறக்கி இறக்கி வாசிக்கிறேன். எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட வாசித்ததில்லை. வெட்டிப் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதியது இது: ‘சூடாமணிக்கு உப்பு அளக்கத் தெரியாது. மனதில் பட்டதைப் போடுவாள். எனவே வத்தலில் உப்பு கூடியிருந்தால் அன்று எங்கள் வீட்டில் சண்டை என்று அறிக.’ அதற்குக் கீழேதான் சுவாமிதாஸ் அண்ணாச்சி முதன்முதலாக ‘அப்ப உப்பைக் குறைடே’ என்று எழுதியிருக்கிறார். இந்த டைரியில் முன்னால் ‘எட்டு வருஷமாக ஒரே வரி’ என்று நான் எழுதினது தப்பு. நாலு வருஷம்.

எண்ணூறு பேர் வாசித்திருக்கிறார்கள். எண்ணூறு பேருக்கு நம்ம சண்டை தெரியும்! மேலே மாட்டியிருக்கிற போட்டோவைப் பார்த்து வாய்க்கு வந்ததைக் கேட்டேன். வெட்கமில்லாத மனுசன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. போனபிறகு முதல் தடவை.

சிரித்ததும் தப்பு என்று பட்டது. உடனே நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

மத்தியானம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ராகேல். மஸ்கட்டில் நர்ஸ். சுவாமிதாஸ் அண்ணாச்சி போகிற சர்ச்சுதான், சொந்த ஊர் பாறசாலை, லீவில் வந்திருக்கிறாள். பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“அண்ணாச்சி தந்து விட்டாவ. சாம்பா அண்ணாச்சிக்கு. காது மிஷின்.”

எனக்கு அந்த மேஜை தெரிந்தது, தராசு தெரிந்தது, பெட்டி மட்டும் தெரியவில்லை.

“அவிய எங்க? நானே காதுல வச்சுக் குடுக்கணும்னு சொல்லிவிட்டிருக்காவ. ஓபன் பண்ணிப் பாத்து, சவுண்டு சரியாக்கிட்டுதான் போகணுமாம்.”

“வெளிய போயிருக்காவ.” என் வாய் இப்படித்தான்.

“சாரமில்லை, எத்தனை நேரம் ஆனாலும் வெயிட் பண்ணுதேன்.”

உட்கார்ந்துவிட்டாள். மழை. டீ வாங்கிக் கொடுத்தேன். அரைமணி நேரம். அண்ணாச்சி இதை வாங்கக் கடை கடையாக ஏறினதைச் சொன்னாள். ஆப்பரேஷன் ஆனவர், வெயிலில் போகக் கூடாதென்று மகன் தடுத்தும் கேட்கவில்லையாம். மீனு எழுந்து உள்ளே போய்ச் சாக்குகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ராகேலின் போன் அடித்தது. “அண்ணாச்சிதான்” என்று சிரித்து, என்னைக் கேட்காமலே வீடியோவைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

எவ்வளவு மெலிந்துவிட்டார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடுகிறது. செவிடனிடம் பேசுகிறோம் என்று நினைத்துக் கத்தினார்.

“ஏ சாம்பா! எங்கல இருக்க? மிஷினை வச்சியா? கேக்காடே? நான் பேசுதது கேக்கா?”

கடை முழுக்க அந்தச் சத்தம்.

“அண்ணாச்சி” என்றேன். “நான் சூடாமணி.”

“மைனியா! அவங்கிட்ட குடு மைனி. எத்தனை மாசமாச்சு அவன் தொண்டையக் கேட்டு.”

“அவியளுக்குக் கேக்காது அண்ணாச்சி.”

“அதுக்குத்தான மிஷின்!”

“மிஷின் வச்சாலும் கேக்காது. அவிய இல்ல. ஏப்ரல்ல போயிட்டாவ. ஒம்பதாம் தேதி.”

அவர் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டது என்று ராகேல் போனை ஆட்டினாள். நிற்கவில்லை. கண் இமைத்தது.

“ஏப்ரல்லயா?” இப்போது கத்தவில்லை. “நான் மே மாசம்லா ஆப்பரேஷனுக்குப் போனேன். பயப்படாதடேன்னு எழுதினது யாரு?”

“நான்.”

“வாவுக்கு?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“ஜூன்ல ஒருத்தன் எங்கிட்ட சொன்னான், சாம்பா போயிட்டான்னு. காலைலதாம்ல எனக்கு எழுதியிருக்கான்னு அவன்கிட்ட சண்டைக்கு நின்னேன். ரெண்டு மாசமா தினமும் அவன் காதுக்காக முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணினேன் மைனி. காதுக்கு.”

போனை வைத்துவிட்டார்.

ராகேல் என் தோளில் கை வைத்தாள். வைத்திருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 17

நான் ஒருத்திதான் இழந்தேன் என்று நினைத்துவிட்டேன். அழ வேண்டிய இன்னொருத்தரை அழவிடாமல் பூட்டி வைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

மூன்று நாளாக எழுதி அழித்து எழுதி அழித்து. ‘முதல் வரியிலேயே சொல்ல வந்ததைச் சொல்லணும்’ என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. இன்று காலை கடை திறக்கும் முன் போட்டேன்:

‘நான் சூடாமணி. சாம்பசிவனின் மனைவி. அவர் ஏப்ரல் 9 அன்று காலமானார். அதற்குப் பிறகு இங்கே எழுதியது எல்லாம் நான். அவர் போல உங்களுக்குப் பதில் சொன்னதும் நான். சொல்லாமல் இருந்தது தப்பு. வத்தல் முன்பும் நான் போட்டது, இப்போதும் நான் போடுவது. மழை. இந்த வாரம் மிளகாய் மட்டும் உண்டு.’

“கடைசி வரி வேணுமா அக்கா?” என்றாள் மீனு.

“மிளகாய் உண்டுல்லா?”

“உண்டு.”

“பின்னே?”

ஆகஸ்ட் 22

இருநூற்றுச் சொச்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். பாதிப்பேர் அழுகை. ஒருத்தர், ‘மரித்த ஆளை வைத்து வியாபாரம் செய்தாயே.’ ஓணத்துக்குச் சொல்லி வைத்திருந்த நாலைந்து பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீனு அந்த வரிகளை அழிக்கப் போனாள். கெட்டதை அழிக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள், விடு என்றேன். சொல்லாவிட்டாலும் அழித்திருக்க மாட்டேன். அந்த ஆள் சொன்னது சரிதானே.

மஸ்கட்டிலிருந்து ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடைசி வகுப்பு. டீச்சர் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தார். ஆனால் அந்தச் சூடாமணி தன் வகுப்பிலேயே கடைசி வரிசையில் இருக்கிறாள் என்று தெரியாது. இங்கே நான் வெறும் ‘சேச்சி’தான். எழுந்து நின்றேன்.

“சாம்பசிவன் சார் வர மாட்டார் டீச்சர். நான் வந்திருக்கேன்.”

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். “சேச்சி, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நான் இத்தனை பேர் முன்னாடி சத்தியம் சத்தியம்னு...” என்றார்.

“நீங்க அப்படிச் சொன்னதாலதான் சொல்ல முடியலை.”

கோபம் கொஞ்சம் இருந்தது அவருக்கு. இருக்கட்டும். வீட்டுக்குக் கிளம்பும்போது படிவரை வந்தார். “கூழ் வடகம் கரைஞ்சது உள்ளதா?”

“உள்ளதுதான். ரெண்டு படி அரிசி.”

“அப்ப அது சத்தியம்தான்” என்று திரும்பிப் போனார்.

செப்டம்பர் 5. திருவோணம்

மகள் வந்திருக்கிறாள். கடைப் பக்கத்து வட்டத்திலிருந்து அப்பா போட்டோவை எடுக்கலாமா என்று கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

காது மிஷினைத் திருப்பி அனுப்ப ராகேலைக் கூப்பிட்டிருந்தேன். அண்ணாச்சியைக் கேட்டுச் சொன்னாள், ‘கேக்காதவங்க யாருக்காவது குடுக்கச் சொன்னாவ.’ அவ்வளவுதான். மீனுவின் மாமியாருக்குக் கொடுத்தோம். ராகேலே வந்து வைத்துவிட்டாள். கிழவிக்கு முதலில் கேட்டது, தன்னைப் பற்றி மீனு அடுக்களையில் முணுமுணுத்ததாம். ஓணம் அன்றைக்கு வீட்டில் ஒரே சண்டை.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் மீனு மலையாளப் பேப்பரோடு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

சரமக்குறிப்புப் பக்கம். அவர் போட்டோ. மீசை முளைக்கிற வயசு, எனக்கே தெரியாத சட்டை. தோளில் யாரோ கை போட்டிருக்கிறார்கள். அந்த ஆளை வெட்டியிருக்கிறது, கை மட்டும் அப்படியே இருக்கிறது.

மீனு ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள்:

‘சாம்பசிவன், பாறசாலை. ஆரியசாலையில் வத்தல் வியாபாரம். ஏப்ரல் 9-ல் காலமானார். இன்றோடு ஐந்து மாதம். மகள் ஸ்ரீலக்ஷ்மி. மனைவி சூடாமணி. கடைப் பக்கத்தில் இப்போது எழுதுவது இவர். தாமதமாக அறிந்து துக்கிக்கும் நண்பன் சுவாமிதாஸ், மஸ்கட்.’

நான் வேண்டாம் என்றதை அண்ணாச்சி செய்துவிட்டார்.

எதிர்த்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஏப்ரலில் பிளக்ஸ் வைக்கக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள். இன்று எல்லாருக்கும் டீ சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில்.

சுண்டைக்காயை மாடியில் விரித்துவிட்டு, ‘இன்று வெயில் வந்தது. திங்கட்கிழமை முதல் சுண்டைக்காய் வத்தல் உண்டு. — சூடாமணி’ என்று போட்டேன். போனை மாடிச் சுவரில் வைத்துவிட்டுக் காக்காய் விரட்டக் குச்சி எடுத்தேன்.

ஐந்து நிமிஷம் இருக்காது. மஸ்கட்.

‘உப்பைக் குறை மைனி.’